வீடுகள் கூடிக் காத்த மொழி

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்திற்குத் தரப்பெற்ற தலைப்பு வீட்டுக் கல்வி என்பது. பிள்ளைகளைப் பள்ளிக்கு விடாமலோ, பள்ளி தாராத கல்வியைத் தரும்பொருட்டோ, பெற்றோரே தம் இல்லத்தில் கற்பிப்பதை வீட்டுக் கல்வி என்பர். இதனைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு தாயையும் ஒரு பிள்ளையையும் மட்டுமே கண்முன் நிறுத்திப் பேசுவர். உலக வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலோ வேறோர் உண்மை புலப்படும். தனித்து நின்ற வீடு நெடுநாள் பள்ளியாக நின்றதில்லை. அறிவையும் நூலையும் உணவையும் துணிவையும் வீடுகள் தமக்குள் பகிர்ந்துகொண்ட இடத்திலேதான் வீட்டுக் கல்வி வேரூன்றியது. வேரூன்றியதோடு, ஒரு மொழியையும் ஓர் இனத்தையும் அழிவினின்று மீட்டது. அதற்குச் சான்றாக விளங்கும் நாடு இலித்துவேனியா.

எழுத்துக்கு வந்த தடை

இலித்துவேனியா பால்டிக் கடலோரத்தில் உள்ள ஒரு சிறு நாடு. அதன் மொழி மிகப் பழைய கூறுகள் பலவற்றை இன்றும் காத்து நிற்பது என்று மொழிநூலார் போற்றுவர். ஆயினும் தன் மண்ணிலேயே அம்மொழி தாழ்த்தப்பட்டுக் கிடந்தது. பெருநிலக்கிழார்களும் உயர்குடியினரும் போலந்து மொழியைத் தழுவிக் கொண்டனர். ஊரில் உழுதவனும், ஆடுமாடு மேய்த்தவனும், நூல் நூற்ற பெண்ணுமே இலித்துவேனிய மொழியைப் பேசினர். படித்தவர் கைவிட்ட மொழியைப் படியாதவர் காத்தனர். இந்நிலை தமிழர்க்குப் புதியதன்று.

1795 ஆம் ஆண்டில் அந்நாட்டின் பெரும்பகுதி உருசியப் பேரரசின் கீழ்ப்பட்டது. 1832 இல் வில்னியசுப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. 1863 இல் பேரரசை எதிர்த்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சி கொடுமையாக ஒடுக்கப்பட்டது. படையால் ஒடுக்கியபின் அரசு மொழியின்மேல் கை வைத்தது. இலத்தீன் எழுத்தில் எழுதப்பட்டு வந்த இலித்துவேனிய மொழியை இனி உருசிய எழுத்திலேயே அச்சிடல் வேண்டும் என்று 1864 இல் ஆணை பிறந்தது. தொடர்ந்து வந்த ஆணைகளால், இலத்தீன் எழுத்தில் அச்சிட்ட இலித்துவேனிய நூலை வெளியிடுவதும் வெளியிலிருந்து கொண்டுவருவதும் பரப்புவதும் குற்றமாயின. ஊர்ப்பள்ளிகள் மூடப்பட்டன, அவற்றின் இடத்தில் உருசிய மொழியில் கற்பிக்கும் அரசுப் பள்ளிகள் எழுந்தன.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பேசாதே என்று அரசு வாயைக் கட்டவில்லை. நூல் அச்சிடவே கூடாது என்றும் சொல்லவில்லை. உருசிய எழுத்தில் தானே அச்சிட்டும் கொடுத்தது. மொழி இருக்கட்டும், அதன் உடை மட்டும் மாறட்டும் என்பதுபோல் தோன்றிய ஆணை அது. எழுத்து மாறினால் பழைய நூல் படிக்க முடியாததாகும்; பழைய நூல் அற்றால் பழைய நினைவு அறும்; நினைவு அற்ற மக்கள் ஆள்வோர் மொழிக்குள் எளிதிற் கரைவர். இந்தச் சூழ்ச்சியைப் பல்கலைக்கழகத்தின் வாயிலையே காணாத உழவர்கள் உணர்ந்துகொண்டனர். அரசு அச்சிட்டுத் தந்த நூல்களை அவர்கள் ஏற்கவில்லை. மொத்தியேயுசு வலான்சியுசு என்னும் கத்தோலிக்க ஆயரும் அந்நூல்களை ஏற்க வேண்டா என்று மக்களுக்கு எடுத்துரைத்தார்.

அரசுப் பள்ளிக்குப் பிள்ளையை விட்டால் மொழி போகும். விடாவிட்டால் கல்வி போகும். இரண்டையும் இழக்க ஒருப்படாத பெற்றோர்க்கு எஞ்சிய ஒரே வழி வீடு.

இராட்டையின் அருகில்

இலித்துவேனியாவின் குளிர்காலம் நெடியது. அறுவடை முடிந்து பனி பெய்யத் தொடங்கினால், வயலில் வேலை இல்லை. பெண்கள் கணப்படுப்பின் அருகே அமர்ந்து ஆளியும் கம்பளியும் நூற்பர். அந்த இராட்டையின் அருகில்தான் அந்நாட்டின் பள்ளி நடந்தது. தாயின் கைகள் நூலை இழுத்துக்கொண்டிருக்கும். அருகில் அமர்ந்த பிள்ளை, வழிபாட்டு நூலை மடியில் விரித்து எழுத்துக்கூட்டிப் படிக்கும். பிழை நேர்ந்த இடத்தில் தாய் திருத்துவாள். பெத்திராசு இரிம்சா என்னும் சிற்பி 1906 இல் இக்காட்சியைப் படிமமாக வடித்தார். இராட்டையும் தாயும் பிள்ளையும் நூலும் அமைந்த அப்படிமத்தைத் துயரப் பள்ளி என்னும் பொருளுடைய பெயரால் அம்மக்கள் அழைக்கின்றனர். இலித்துவேனியப் பிள்ளைகள் அனைவரும் அறிந்த படிமம் அது.

படிமத்தைக் கண்டு போற்றுவது எளிது. அந்தத் தாய்க்கு இருந்த குறைகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியும். பலர்க்கு எழுதத் தெரியாது. அக்காலத்து உழவர் குடிகளில், அச்செழுத்தைப் படிக்க வல்லராயும் தம் பெயரைக்கூட எழுத மாட்டாதவராயும் இருந்தோர் பலர். வீட்டில் இருந்த நூல் ஒன்றே. அதுவும் வழிபாட்டு நூல். அந்த ஒரு நூலை மனப்பாடம் செய்துவிட்ட பிள்ளை, படிக்கின்றதா, நினைவிலிருந்து ஒப்பிக்கின்றதா என்று அறிவதே அரிது. கணக்கு யார் கற்பிப்பது? நாட்டு வரலாறு யார் சொல்வது? தாய் நோயுற்றால் பள்ளி என்னாவது? எழுத்தே அறியாத தாயின் பிள்ளை எங்கே போவது?

தனி வீட்டின் எல்லை இது. அன்பு எவ்வளவு இருந்தாலும், ஒரு வீட்டில் இருக்கும் அறிவு அவ்வளவே. இந்த எல்லையை இலித்துவேனிய உழவர்கள் பக்கத்து வீட்டின் துணைகொண்டு கடந்தனர்.

வீட்டுக்கு வீடு மாறிய பள்ளி

ஊரில் நான்கைந்து குடும்பங்கள் ஒன்று சேரும். எழுதப் படிக்க வல்ல ஒருவரைத் தேடிப் பிடிக்கும். அவர் பெரும்பாலும் பட்டம் பெற்றவராய் இரார். நிலமற்ற ஏழை, உழைக்க மாட்டாத முதியவர், உடற்குறை உடையவர், மணமாகாப் பெண், தாமே முயன்று படித்த இளைஞர் ஆகிய இவர்களே அப்பணிக்கு வந்தனர். அவர்களைத் தாரக்டோரியசு என்று மக்கள் அழைத்தனர். ஒரு வீட்டில் சில நாள் பள்ளி நடக்கும். பின் அடுத்த வீட்டிற்கு மாறும். எந்த வீட்டில் பள்ளி நடக்கின்றதோ அந்த வீடு ஆசிரியர்க்கு உணவும் படுக்கையும் தரும். கூலியாகச் சிறிது காசும் தவசமும் கம்பளியும் கிடைக்கும். இலையுதிர் காலத்தில் தொடங்கும் பள்ளி, இளவேனிலில் பிள்ளைகள் மாடு மேய்க்கப் புறப்படும்போது முடியும்.

வீடு மாறி மாறி நடந்ததற்கு இரண்டு கரணியங்கள் இருந்தன. ஒன்று, சுமை ஒருவர் தோளில் மட்டும் விழவில்லை. மற்றொன்று, ஒரே வீட்டிற்குப் பிள்ளைகள் நாள்தோறும் கூட்டமாகச் சென்றால் ஊர்காவலர் கண்ணிற்படும். அந்த அச்சம் வீணானதன்று. மறைவாகக் கற்பிப்போர்க்கு 300 உரூபிள் வரை தண்டமோ, மூன்று திங்கள் வரை சிறையோ விதிக்கலாம் என 1892 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வகுத்தது. ஏழை உழவனுக்கு 300 உரூபிள் என்பது நினைத்துப் பார்க்கவும் இயலாத பெருந்தொகை.

ஆகவே ஊரே காவலுக்கு நின்றது. தெருவில் ஒரு பிள்ளை விளையாடுவதுபோல் காவல் நிற்கும். அயலான் ஒருவன் வருவது தெரிந்தால் செய்தி வீட்டிற்குள் பறக்கும். நூல்கள் வைக்கோலுக்குள்ளும் அடுப்பின் பின்னும் மறையும். பெண்பிள்ளைகள் கையில் பின்னல் ஊசி இருக்கும்; ஆண்பிள்ளைகள் கத்தியும் மரத்துண்டும் எடுத்துக் கரண்டி செதுக்குவர். உள்ளே வந்து பார்ப்பவர்க்கு அது குளிர்நாளில் அண்டை வீட்டார் கூடியமர்ந்து கைவேலை செய்யும் இடமாகவே தோன்றும். இதில் உள்ளூரார் ஒருவர் நா பிறழ்ந்து உண்மையைச் சொன்னாலும் ஆசிரியர் சிறை புகுவார். எல்லாரும் வாய்காத்த ஊரில்தான் பள்ளி நடந்தது. பிள்ளையில்லாத வீட்டானும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டானும் அந்தக் காவலில் பங்கு கொண்டனர் என்பது எண்ணிப் போற்றத்தக்கது.

எல்லை கடந்து வந்த நூல்கள்

ஆசிரியர் கிடைத்தார், நூல் வேண்டுமே! எல்லைக்கு அப்பால், செருமானியர் ஆண்ட பிரசியா நாட்டில் இலித்துவேனிய மொழி பேசுவோர் வாழ்ந்தனர். அங்கே தடை இல்லை. தில்சித் முதலிய நகரங்களின் அச்சகங்களில் நூல்கள் அச்சாயின. ஆயர் வலான்சியுசு 1860களின் பிற்பகுதியிலேயே இவ்வழியைத் திறந்தார். அச்சான நூல்களை எல்லை தாண்டிக் கொண்டுவந்தவர்களை நூல் சுமப்போர் என அம்மக்கள் பெருமையோடு அழைத்தனர். இரவிலும் பனிப்புயலிலும், முதுகில் மூட்டையோடும் வைக்கோல் வண்டிக்குள் மறைத்தும் அவர்கள் நூல்களைக் கொணர்ந்தனர். பிடிபட்டவர் சிறைப்பட்டனர், சைபீரியாவிற்கு நாடு கடத்தப்பட்டோரும் உளர். யூர்கிசு பியெலினிசு என்னும் உழவர் மகன் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்பணியில் ஈடுபட்டார். அவர் பிறந்த மார்ச்சு 16 ஆம் நாளை நூல் சுமப்போர் நாளாக அந்நாடு இன்றும் கொண்டாடுகின்றது.

வீரர் சிலரின் துணிவு மட்டும் இதற்குப் போதியதாயிருந்திருக்காது. எல்லையில் வாங்கிய மூட்டையை முதல் வீடு ஒளித்து வைக்கும். அடுத்த ஊரார் வந்து எடுத்துச் செல்வர். அங்கிருந்து அடுத்த ஊர். இப்படி வீடுவீடாகவே நூல் நாட்டின் உள்ளே நடந்தது. கர்சுவியாய் என்னும் ஊரை நடுவாகக் கொண்டு உழவர் சிலர் ஒரு கூட்டமைப்பே கண்டனர். தம் காசைத் திரட்டி நூல்களை மொத்தமாக வாங்கிச் சுற்றூர்களுக்கெல்லாம் பரப்பினர். 1890களின் நடுவில் அவர்கள் பிடிபட்டு ஒறுக்கப்பட்டனர். ஆயினும் நூல்வரத்து நிற்கவில்லை. ஒரு கண்ணி அறுந்தால் மற்றொரு கண்ணி பிணைக்கும் வலையாக அது வளர்ந்திருந்தது.

இவ்வழியே வந்தவை வழிபாட்டு நூல்கள் மட்டுமல்ல. பிள்ளைகள் எழுத்துக் கற்கும் முதற்பொத்தகங்கள், நாட்காட்டிகள், உழவு பற்றிய நூல்கள் ஆகியனவும் வந்தன. 1883 இல் ஔசுரா என்னும் திங்களிதழும், 1889 இல் வர்ப்பாசு என்னும் இதழும் தோன்றின. விடியல், மணி என்பன அப்பெயர்களின் பொருள். இன்ன ஊரில் பள்ளி எப்படி நடக்கின்றது, மக்கள் எதற்கு அல்லலுறுகின்றனர் என்னும் செய்திகள் ஊர்களிலிருந்து எழுதப்பெற்று, எல்லை தாண்டிச் சென்று, அச்சாகி மீண்டும் ஊர்களுக்கே வந்தன. ஒரு மூலையில் அஞ்சியஞ்சிக் கற்பித்த தாய், தன்னைப்போல் நாடெங்கும் தாயர் உளர் என்று அவ்விதழ்களால் அறிந்தாள். தனிமை நீங்கிய இடத்தில் அச்சமும் பாதி நீங்கும்.

நாற்பது ஆண்டின் விளைவு

தடை நாற்பது ஆண்டுகள் நின்றது. 1897 இல் பேரரசு முழுவதும் மக்கள்தொகைக் கணக்கு எடுக்கப்பட்டது. பேரரசில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேரே. இலித்துவேனியர் பெருந்தொகையாக வாழ்ந்த கோவ்னோ மாநிலத்திலோ அத்தொகை ஏறத்தாழ இருமடங்கு. அம்மாநிலத்தில் யூதர் முதலிய பிற மக்களும் வாழ்ந்தனர். அவர்களும் அக்கணக்கில் அடங்குவர். அதனைக் கழித்து நோக்கினும், பள்ளிகள் பறிக்கப்பட்ட ஓர் உழவர் இனம் ஆண்ட இனத்தைவிடக் கூடுதலாகப் படிக்கக் கற்றிருந்தது என்பது வியப்பேயன்றோ!

அந்நாளிலேயே, 1901 இல், இயோனாசு யப்லோன்சுகிசு எழுதிய இலக்கண நூல் தில்சித்தில் அச்சாயிற்று. ஊருக்கு ஊர் வேறுபட்ட வழக்குகளை உடைய அம்மொழிக்கு ஒரு பொது வடிவம் தந்த நூல் அது. தடையிலிருந்த மொழிக்குத் தடை நீங்குமுன்பே இலக்கணம் அமைந்துவிட்டது. 1904 ஆம் ஆண்டு மே 7 ஆம் நாள் அரசு தோல்வியை ஏற்றுத் தடையை நீக்கியது. 1918 இல் அந்நாடு விடுதலை அறிவித்தது. பின்னும் அது ஆட்சி பல மாறி அல்லலுற்று, 1990 இல் மீண்டும் விடுதலை அறிவித்தது. 2004 மே முதல் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, அதன் மொழி அவ்வொன்றியத்தின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. அன்றைக்குத் தடை நீங்கி நூறாண்டு நிறைய ஆறு நாட்களே எஞ்சியிருந்தன. இராட்டையின் அருகில் ஒலித்த மொழி இன்று பல நாட்டார் கூடும் பேரவையில் ஒலிக்கின்றது.

எல்லா இடத்திலும் இவ்வெற்றி வாய்க்கவில்லை என்பதையும் மறைத்தல் ஆகாது. வில்னியசு நகரைச் சூழ்ந்த கிழக்குப் பகுதியில் ஊர் ஊராக இலித்துவேனிய மொழி தேய்ந்தது. அங்கே மக்கள் போலந்து மொழிக்கும் பெலாருசிய மொழிக்கும் மாறினர். அதற்குக் கரணியம் பல. கோயிலிலும் அங்காடியிலும் உயர்ந்தோர் இல்லத்திலும் வேற்றுமொழி நின்றபோது, அவ்வழுத்தத்தைத் தாங்கப் பல இல்லங்களால் இயலவில்லை என்பதே அவற்றின் சாரம்.

பாசுக்கு மண்ணில் வீட்டுப் பள்ளி

இலித்துவேனியாவுக்கு நேர்ந்தது பிறிதொரு நாட்டில், பிறிதொரு நூற்றாண்டில் மீண்டும் நேர்ந்தது. இசுபெயின் நாட்டின் வடக்கில் வாழும் பாசுக்கு மக்களின் மொழி, ஐரோப்பாவின் வேறெந்த மொழியோடும் உறவு காட்டப்பெறாத தனிமொழி. 1939 இல் உள்நாட்டுப் போரில் வென்ற பிராங்கோவின் வல்லாட்சி, பள்ளிகளிலிருந்தும் பொது வாழ்விலிருந்தும் அம்மொழியைத் துரத்தியது.

அவ்விருளில் எல்விரா சிப்பித்திரியா என்னும் ஆசிரியை 1940களில் சான் செபாசுத்தியான் நகரில் வீடுகளுக்குள் சிறு சிறு குழுவாகப் பிள்ளைகளைக் கூட்டிப் பாசுக்கு மொழியில் கற்பிக்கத் தொடங்கினார். நம்பிக்கைக்குரிய பெற்றோர் தம் வீட்டு அறையைத் தந்தனர். அவரிடம் பழகிய இளம்பெண்கள் அவர் முறையைக் கற்றுக்கொண்டு வேறு வீடுகளில் தாமும் தொடங்கினர். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்கு ஏற்றியதுபோல் வீட்டுப் பள்ளிகள் பெருகின. 1960களில் அவை வீட்டைவிட்டு வெளியே வந்து, பெற்றோர் கூட்டுறவாக நடத்தும் பள்ளிகளாயின. இக்காசுதோலா என்பது அவற்றின் பெயர். இன்று அத்தகைய பள்ளிகள் நூறு அளவில் உள்ளன.

அவர்கள் கண்ட ஒரு வழக்கம் குறிப்பிடத்தக்கது. கிப்புசுக்கோவா மாநிலத்தில் 1977 முதல், பெரும்பாலும் ஆண்டுதோறும் ஒரு நாள், பல்லாயிரவர் கூடி நடைப்பயணம் செல்கின்றனர். அந்நாளில் திரளும் பொருள் ஏதேனும் ஓர் ஊர்ப் பள்ளியின் தேவைக்குச் செல்லும். அடுத்த முறை வேறோர் ஊர்ப் பள்ளிக்குச் செல்லும். தம் பிள்ளை படிக்காத பள்ளிக்காகப் பெற்றோர் நடக்கின்றனர். இலித்துவேனிய ஊர்களில் பிள்ளையற்ற வீட்டான் காவல் நின்றதும் இதுவும் ஒரே அறத்தின் இரு வடிவங்கள்.

தடையில்லாத நாட்டிலும்

ஒடுக்குமுறை இருந்ததால் அம்மக்கள் ஒன்று கூடினர். அது இல்லாத நாட்டில் வீட்டுக் கல்விக்குக் கூட்டு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். அமெரிக்க நாட்டைப் பாருங்கள். அங்கே மொழித் தடை இல்லை. பள்ளிமுறையில் நம்பிக்கை இழந்த பெற்றோர் பலர், 1970களில் பிள்ளைகளை வீட்டிலேயே கற்பிக்க முற்பட்டனர். சில மாநிலங்களில் சட்டச் சிக்கலையும் ஊராரின் ஏளனத்தையும் அவர்கள் எதிர்கொண்டனர். ஆசிரியராயிருந்து பள்ளிகளின் குறைகளை எழுதிய சான் ஓல்ட்டு என்பவர் 1977 இல் அவர்களுக்கென ஒரு சிற்றிதழ் தொடங்கினார். அவ்விதழின் பெரும்பகுதி பெற்றோர் எழுதிய மடல்களே. என் பிள்ளை படிக்க மறுக்கின்றான், என் செய்வேன் என்று ஒருவர் எழுதுவார். என் பிள்ளையும் அப்படித்தான் இருந்தான், இவ்வாறு செய்தேன் என்று தொலைவிலிருந்து மற்றொருவர் எழுதுவார். அருகருகே வாழும் குடும்பங்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும்பொருட்டுக் குடும்பங்களின் பட்டியலும் அதில் வெளிவந்தது. 1985 இல் ஓல்ட்டு மறைந்தபின்னும் 2001 வரை அவ்விதழ் நடந்தது.

ஊர்காவலர் அச்சம் இல்லாத இடத்திலும் வீட்டுக் கல்விக்கு ஒரு பகை உண்டு. அதன் பெயர் தனிமை. தான் செய்வது சரியோ தவறோ என்னும் ஐயம் தாயைத் தின்னும். ஒத்த அகவைத் தோழர் இல்லாமல் பிள்ளை வாடும். இவ்விரண்டிற்கும் மருந்து, ஒத்த கருத்துடைய மற்றொரு வீடு.

தமிழ் இல்லங்கள் கற்க வேண்டியது

வீடுகள் கூடி ஆசிரியரைக் காப்பது தமிழர்க்குப் புதிய முறையன்று. திண்ணைப் பள்ளிகள் அவ்வாறே நடந்தன. ஊரார் தவசமும் காசும் கொடுத்து ஆசிரியரைப் போற்றினர். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். ஓலையும் எழுத்தாணியும் பின்னர் வந்தன. 1983 ஆம் ஆண்டுக் கொடுமைக்குப் பின் ஐரோப்பாவிலும் கனடாவிலும் புலம்பெயர்ந்து வாழும் ஈழத்தமிழர், வாரமெல்லாம் உழைத்துவிட்டு, ஓய்வு நாளில் வாடகைக் கூடங்களில் தாமே ஆசிரியராய் நின்று தம் பிள்ளைகட்குத் தமிழ் கற்பிக்கின்றனர். இலித்துவேனியத் தாயின் உறவினர் இவர்கள்.

தமிழ்நாட்டின் நிலை என்ன? தமிழ் கற்பிப்போரைச் சிறையிலிடும் சட்டம் இங்கில்லை. பள்ளிகளில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் 2006 இல் இயற்றப்பெற்றும் உள்ளது. எல்லையில் காவலர் இல்லை. நூல்கள் கடைதோறும் கிடக்கின்றன. ஆயினும் தமிழ் நூலொன்றைத் தடையின்றிப் படிக்கமாட்டாத பிள்ளைகள் தமிழ் இல்லங்களில் வளர்கின்றனர். அம்மா என்னும் சொல்லையும் வேற்றுமொழியில் சொல்லப் பழக்கும் பெற்றோர் உளர். அங்கே அரசு பறித்ததை மக்கள் வீட்டில் மீட்டனர். இங்கே யாரும் பறியாததை மக்கள் வீட்டிலேயே நழுவ விடுகின்றனர். தமிழைக் கற்பிக்க விரும்பும் பெற்றோரும் இல்லாமல் இல்லை. தெருவெல்லாம் ஒரு வழி செல்லத் தம் வீடு மட்டும் தனி வழி செல்வதெப்படி என்று அவர்கள் தளர்ந்துவிடுகின்றனர். அவர்கட்கு வேண்டுவது அறிவுரையன்று. அடுத்த வீட்டின் துணை.

ஆகவே அன்பர்களே, செய்யக்கூடிய சிறு செயல்கள் சிலவற்றை எண்ணிப் பாருங்கள். ஒரு தெருவில் அல்லது அடுத்தடுத்த தெருக்களில் ஐந்து குடும்பங்கள் ஒன்று சேர்தல் கூடும். ஞாயிறுதோறும் ஒரு வீடாக மாறி மாறிப் பிள்ளைகளைக் கூட்டலாம். எழுத்தறிந்தவர் எழுத்துக் கற்பிக்கட்டும். கதை அறிந்த பாட்டி கதை சொல்லட்டும். உழவர் பயிரின் பெயர்களையும் தச்சர் கருவிகளின் பெயர்களையும் சொல்லட்டும். பட்டம் பெறாதவர் கற்பிக்கத் தகார் என்று எவரும் ஒதுங்க வேண்டா. ஒரு மொழியைக் காத்த தாரக்டோரியசுகளுள் பட்டம் பெற்றோர் எத்தனை பேர்? ஒரு வீட்டில் உள்ள நூல் ஐந்து வீட்டிலும் சுற்றட்டும். படித்த பிள்ளை அடுத்த பிள்ளைக்கு அதைத் தன் வாயால் சொல்லிக் கொடுக்கட்டும்.

இலித்துவேனியத் தாயர்க்கு நேர்ந்த குறையும் ஒரு பாடமாகட்டும். அவர்களுட் பலர் படிப்பு மட்டுமே தந்தனர். எழுத்துத் தர இயலவில்லை. இன்று தமிழ்ப் பிள்ளைகட்குப் பேச்சு மட்டும் போதும் என்பாரும் உளர். பேச்சோடு நின்ற மொழி அடுத்த தலைமுறையில் அடுக்களையோடு நிற்கும். அதற்கடுத்த தலைமுறையில் அங்கும் இராது. ஆதலால் பிள்ளை நாள்தோறும் ஒரு பக்கமேனும் தமிழில் எழுதுதல் வேண்டும். ஒரு வீட்டுப் பிள்ளை மற்றொரு வீட்டுப் பிள்ளைக்குத் தமிழில் மடல் எழுதுமாயின், அதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

பெற்றோர் தமக்குள்ளும் திங்கட்கு ஒருமுறை கூடுதல் நன்று. எது பயன் தந்தது, எது தரவில்லை என்று ஒளிவின்றிப் பேசுதல் வேண்டும். என் பிள்ளை முந்தி, உன் பிள்ளை பிந்தி என்னும் போட்டி அங்கே தலைகாட்டுதல் ஆகாது. தலைகாட்டினால் கூட்டம் கலையும். பின்தங்கிய பிள்ளையின் வீட்டிற்கே ஊர் முதலில் துணை நிற்றல் வேண்டும். பாசுக்குப் பெற்றோர் பிறர் பள்ளிக்காக நடந்த அறத்தை இங்குப் பின்பற்றலாம். பிள்ளையில்லாதாரும், பிள்ளைகளை வளர்த்து முடித்த முதியோரும் தம் திண்ணையையேனும் தருதல் கூடும்.

இதற்கு அரசின் ஆணை வேண்டா, பெரும்பொருள் வேண்டா, கட்டடம் வேண்டா. ஒரு பாயும், ஒரு விளக்கும், நான்கு அண்டை வீட்டாரும் போதும். நாற்பது குளிர்காலங்கள் இலித்துவேனிய உழவர்கள் இதற்கு மேல் எதையும் பெற்றிருக்கவில்லை. பனியும் சிறையும் தடுத்தும் அவர்கள் செய்தனர். பனியுமில்லாத, சிறையுமில்லாத நாட்டில் தமிழ் இல்லங்கள் செய்யாவிடின், வருந்தலைமுறைக்குச் சொல்ல விடை ஏதும் இராது.

வரும் ஞாயிறன்றே முதல் வீட்டின் கதவு திறக்கட்டும்.

வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!